ஒரு புள்ளியில் தோற்றவர்கள்



இந்த வாரம் இரண்டே இரண்டு எண்களோடு தொடங்குவோம்.

101 – 100.

2024 ஜூலை 20 அன்று லண்டன் நகரில் நடந்த ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் முடிவு இது. 101 புள்ளிகள் எடுத்து வென்றது அமெரிக்கா. 1891-ல் கூடைப்பந்து பிறந்ததே அந்த நாட்டில்தான். லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டீபன் கர்ரி என்று உலகமே அறிந்த வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

சரி, 100 புள்ளிகள் எடுத்துத் தோற்றது யார்?

தெற்கு சூடான்!

எங்கே இருக்கிறது இந்த நாடு? அட்லஸை எடுத்து ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவிலே, கொஞ்சம் கிழக்கே தள்ளிப் பாருங்கள். வெள்ளை நைல் ஆறு ஓடும் பகுதி அது. உங்கள் வீட்டில் இருப்பது பழைய அட்லஸ் என்றால் தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால், தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்றுதான் தனி நாடாகப் பிறந்தது. உங்களில் மூத்தவர்களுக்கும் அந்த நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது!

அவ்வளவு சின்ன வயது நாடு, உலகின் முதல்நிலை அணியோடு மோதி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது எப்படி? அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இது வெற்றிக் கதை இல்லை. பதக்கம் எதுவும் வரப்போவதும் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஓடிப்போனவர்களின் பிள்ளைகள்

தெற்கு சூடான் முன்பு சூடான் என்ற பெரிய நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. வடக்குக்கும் தெற்குக்கும் பல ஆண்டுகள் போர். 1983-ல் மூண்ட போர் 2005-ல்தான் ஓய்ந்தது. 2011 ஜனவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் 'எங்களுக்குத் தனி நாடு வேண்டும்' என்று வாக்களித்தார்கள். நாடு கிடைத்தது. ஆனால், நிம்மதி கிடைக்கவில்லை. 2013 டிசம்பரில் நாட்டுக்குள்ளேயே சண்டை மூண்டது. 2018-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

இத்தனை போர்களுக்கு நடுவே மக்கள் என்ன செய்வார்கள்? குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கென்யா, உகாண்டா, எகிப்து என்று பக்கத்து நாடுகளுக்குப் போனார்கள். அங்கிருந்து சிலர் அமெரிக்காவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும், இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படி ஓடிய குடும்பங்களில் ஒன்று லுவோல் டெங் என்பவருடையது. 1985-ல் வாவ் என்ற ஊரில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் எகிப்துக்குத் தப்பிப் போனது. அங்கேதான் அவருக்கும் அவருடைய அண்ணன்களுக்கும் கூடைப்பந்து அறிமுகமானது. சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? மனுட் போல். அடேயப்பா, அவர் உயரம் 7 அடி 7 அங்குலம்! அமெரிக்காவின் புகழ்பெற்ற என்.பி.ஏ. போட்டிகளில் ஆடியவர். சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியைத் தன் மண்ணின் அகதிகளுக்காகச் செலவிட்டவர். தன் மக்களுக்குத் தனி நாடு கிடைப்பதற்கு ஓராண்டு முன்பு, 2010-ல் அவர் காலமாகிவிட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்த பாடம் மட்டும் வீண் போகவில்லை. லுவோல் டெங் எகிப்திலிருந்து லண்டனுக்குப் போனார். பிறகு அமெரிக்காவுக்குப் போனார். 2004-ல் என்.பி.ஏ.வில் நுழைந்து பதினைந்து ஆண்டுகள் ஆடினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து பிரிட்டன் அணிக்காக ஆடினார். ஆடி ஓய்ந்ததும், கைநிறையப் பணத்தோடு நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 2019-ல் தெற்கு சூடான் கூடைப்பந்து சங்கத்தின் தலைவரானார்.

தலைவர் என்றவுடன் நாற்காலி, மாலை, மேடை என்று நினைத்துவிடாதீர்கள். சங்கத்தில் பணமே இல்லை! வீரர்களுக்கு விமான டிக்கெட், தங்கும் அறை, பயிற்சிக்கு வாடகை அரங்கம் எல்லாவற்றுக்கும் தன் கைக்காசைப் போட்டார். உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த தெற்கு சூடான் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பேசினார். 'நம் நாட்டுக்காக ஆட வாருங்கள்' என்று அழைத்தார். அமெரிக்காவில் தன்னோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே அணியில் ஆடிய நண்பர் ராயல் ஐவியைப் பயிற்சியாளர் ஆக்கினார்.

வந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். நூனி ஓமோட், கென்யாவில் அகதி முகாமில் பிறந்தவர். வென்யென் கேப்ரியல், சூடான் தலைநகர் கார்ட்டூமில் பிறந்து, கைக்குழந்தையாக எகிப்துக்குப் போய், பிறகு அமெரிக்காவில் வளர்ந்தவர். கமான் மலுவாச், உகாண்டாவில் வளர்ந்தவர். 2019-க்குப் பிறகுதான் கூடைப்பந்தையே ஒழுங்காகக் கற்கத் தொடங்கினார். இவர்களோடு கார்லிக் ஜோன்ஸ் என்ற அமெரிக்கரும் சேர்ந்தார். வேறு நாட்டில் பிறந்து, பின்னால் குடியுரிமை பெற்ற ஒருவரை ஓர் அணி சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். வேடிக்கை என்று சொன்னாலும் மனம் வலிக்கும் விஷயம் அது. 2024-ல் இந்த அணி ஒலிம்பிக்குக்குப் போனபோது, தெற்கு சூடானில் கூரை போட்ட கூடைப்பந்து அரங்கம் ஒன்றுகூட இல்லை. இருந்தவை எல்லாம் திறந்தவெளி மைதானங்கள்தான். மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் தேசிய அணி பயிற்சிக்காக ருவாண்டா நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மணிலாவில் ஆரம்பித்த ஆண்டு

இனி அந்த ஓராண்டுக் கதைக்கு வருவோம். இது 2023 ஆகஸ்டில் தொடங்கி 2024 ஆகஸ்டில் முடிகிறது.

2023-ல் கூடைப்பந்து உலகக் கோப்பையில் தெற்கு சூடான் முதன்முதலாக ஆடியது. அதன் ஆட்டங்கள் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் நடந்தன. முதல் ஆட்டம் போர்ட்டோ ரிக்கோவோடு. வழக்கமான 40 நிமிடத்தில் இரண்டு அணிகளும் சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். 101 – 96 என்று தெற்கு சூடான் தோற்றது.

முதல் ஆட்டத்திலேயே இப்படிக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் எப்படி இருக்கும்? ஆனால், அடுத்த ஆட்டத்தில் சீனாவை 89 – 69 என்று வென்றார்கள். பிறகு செர்பியா வந்தது. பலமான அணி, அந்த உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த அணி. 115 – 83 என்று தெற்கு சூடானைத் தூக்கி அடித்தது. 32 புள்ளி வித்தியாசம்! இந்த 32-ஐ மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

அடி வாங்கிய மறுநாளே அடுத்த ஆட்டம். போட்டியை நடத்தும் பிலிப்பைன்ஸ் நாட்டோடு, அவர்களுடைய சொந்த ரசிகர்கள் முன்னால். 87 – 68 என்று வெற்றி! கடைசியாக அங்கோலாவை 101 – 78 என்று வென்றார்கள்.

அந்த உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐந்து அணிகள் ஆடின. அவற்றில் முதலில் வரும் அணிக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நேரடியாக இடம் என்று விதி. ஐந்தில் முதலாவதாக வந்தது தெற்கு சூடான்! பழைய, பெரிய, அனுபவம் மிகுந்த அணிகளைத் தாண்டி, முதன்முறை வந்த அணி ஒலிம்பிக்குக்குத் தேர்வானது.

எட்டு விநாடி

இப்போது லண்டன் ஆட்டத்துக்கு வருவோம். ஒலிம்பிக்குக்கு முன்னால் நடந்த நட்பு ஆட்டம் அது. அமெரிக்கா ஊதித் தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பாதி ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் பலகையைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். தெற்கு சூடான் 58, அமெரிக்கா 42! பதினாறு புள்ளி முன்னிலை. கார்லிக் ஜோன்ஸ் அன்று 15 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பல முறை பிடித்தார். சக வீரர்கள் கூடை போட 11 முறை பந்தைக் கொடுத்து உதவினார்.

இரண்டாம் பாதியில் அமெரிக்கா விழித்துக்கொண்டது. முன்னிலை கரைந்தது. ஆட்டம் முடிய 20 விநாடி இருந்தபோது தெற்கு சூடான் 100, அமெரிக்கா 99. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எட்டு விநாடி மிச்சம் இருந்தபோது லெப்ரான் ஜேம்ஸ் பந்தோடு புகுந்து வளையத்தில் போட்டார். 101 – 100. கடைசி விநாடிகளில் தெற்கு சூடான் எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை.

தோல்விதான். புள்ளிப் பட்டியலில் 'கிட்டத்தட்ட வெற்றி' என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால், அன்று வரை தெற்கு சூடான் எங்கே இருக்கிறது என்று தெரியாத பலர் அன்று இரவே வரைபடத்தை எடுத்துத் தேடியிருப்பார்கள்!

தவறான கீதம்

தேடாத சிலரும் இருந்தார்கள் என்பது எட்டு நாள் கழித்துத் தெரிந்தது.

2024 ஜூலை 28. பிரான்ஸ் நாட்டின் லில் நகரம். ஒலிம்பிக்கில் தெற்கு சூடானின் முதல் கூடைப்பந்து ஆட்டம். எதிரே அதே போர்ட்டோ ரிக்கோ. ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும். வீரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒலிபெருக்கியில் இசை வந்தது.

அது அவர்களுடைய கீதம் இல்லை! சூடான் நாட்டின் கீதம்!

எந்த நாட்டிலிருந்து பிரிந்து வர அவர்களுடைய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அத்தனை துன்பப்பட்டார்களோ, அந்த நாட்டின் கீதத்தைப் போட்டுவிட்டார்கள். சுமார் 20 விநாடி ஓடிய பிறகு நிறுத்தினார்கள். ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். வீரர்கள் என்ன செய்தார்கள்? கத்தவில்லை, வரிசையைக் கலைக்கவில்லை. நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே காத்து நின்றார்கள். ரசிகர்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்துத்தான் சரியான கீதம் ஒலித்தது.

பிறகு ஆடினார்கள். 90 – 79 என்று வென்றார்கள்! ஓராண்டுக்கு முன் கூடுதல் நேரத்தில் தங்களைத் தோற்கடித்த அதே அணியை வென்று, ஒலிம்பிக் கூடைப்பந்தில் தங்கள் நாட்டின் முதல் வெற்றியைப் பெற்றார்கள். அந்த அவமதிப்புக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்க முடியும், சொல்லுங்கள்!

பத்துப் புள்ளிகள்

அடுத்து அமெரிக்கா. இந்த முறை அமெரிக்கர்கள் ஏமாறவில்லை. லண்டன் பாடம் அவர்களுக்கும் நினைவிருந்தது. 103 – 86 என்று வென்றார்கள். அதற்கடுத்து செர்பியா. 96 – 85 என்று தெற்கு சூடான் தோற்றது.

மூன்று ஆட்டத்தில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. ஆனாலும் வாய்ப்பு முற்றிலும் போய்விடவில்லை. எப்படி என்று கேட்கிறீர்களா? பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிம்பிக்கில் ஆடியவை 12 அணிகள். ஒரு பிரிவுக்கு நான்கு என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். அதாவது ஆறு அணிகள். மீதி இரண்டு இடம்? மூன்றாம் இடத்தில் இருக்கும் மூன்று அணிகளில் சிறந்த இரண்டுக்கு.

அந்த மூன்று அணிகள் பிரேசில், கிரீஸ், தெற்கு சூடான். மூன்றுமே ஆளுக்கு ஓர் ஆட்டம்தான் வென்றிருந்தன. அப்படியானால் எப்படிப் பிரிப்பது? எடுத்த புள்ளிகளிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கழிக்க வேண்டும்.

தெற்கு சூடானுக்குக் கணக்குப் போடுவோம். போர்ட்டோ ரிக்கோவை 11 புள்ளியில் வென்றது. அமெரிக்காவிடம் 17 புள்ளியில் தோற்றது. செர்பியாவிடம் 11 புள்ளியில் தோற்றது. கூட்டிக் கழித்தால் மைனஸ் 17. பிரேசிலுக்கு மைனஸ் 7. கிரீஸுக்கு மைனஸ் 8.

பிரேசிலும் கிரீஸும் உள்ளே. தெற்கு சூடான் வெளியே!

கிரீஸை முந்த இன்னும் பத்துப் புள்ளிகள் போதும். மூன்று ஆட்டங்களில் மொத்தம் 120 நிமிடம். அதில் இன்னும் ஐந்து கூடைகள்! அமெரிக்காவிடம் 17-க்குப் பதிலாக 7 புள்ளியில் தோற்றிருந்தால்கூட காலிறுதிக்குப் போயிருப்பார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'எப்படியும் தோற்கத்தான் போகிறோம், இனி ஓடி என்ன பயன்?' என்று ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் நடையைத் தளர்த்தும் பழக்கம் பலருக்கு உண்டு. தோற்கிற ஆட்டத்திலும் ஒவ்வொரு கூடைக்கும் மதிப்பு இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

அந்த 32 என்ன ஆச்சு?

முன்பு ஒரு எண்ணை நினைவில் வைக்கச் சொன்னேனே, 32. 2023-ல் செர்பியாவிடம் தெற்கு சூடான் தோற்ற வித்தியாசம். 2024-ல் அதே செர்பியாவிடம் தோற்றது 11 புள்ளியில்.

'அண்ணா, இரண்டும் தோல்விதானே?' என்று கேட்பீர்கள். ஆம், இரண்டும் தோல்விதான். ஆனால், ஓராண்டில் அந்த அணி 21 புள்ளி தூரம் முன்னேறி வந்திருக்கிறது. அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வென்றது; செர்பியா வெண்கலம் வென்றது. பதக்கம் வாங்கிய இரண்டு அணிகளும் தெற்கு சூடானின் பிரிவிலேயே இருந்தன!

நம்மில் பெரும்பாலோர் முடிவை மட்டும்தான் பார்க்கிறோம். 'ஜெயிச்சியா, தோத்தியா?' என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ரேங்க் கார்டும் அப்படித்தான். கணக்கில் 22 மார்க் எடுத்தவன் அடுத்த தேர்வில் 34 எடுத்தால், மூன்று மாதம் அவன் பட்ட பாடு அந்தப் பன்னிரண்டு மார்க்கில் இருக்கிறது. வகுப்பில் முதல் மார்க் 98 என்பதால் அந்த உழைப்பு இல்லாமல் போய்விடுமா? பெற்றோர்களும் இதைப் படித்தால் இந்த வரியில் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கூடைப்பந்து அணியால் ஒரு நாட்டின் துயரம் தீர்ந்துவிடாது. தெற்கு சூடானில் அறுபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இருக்கின்றன. அவர்களுக்குள் சண்டைகள் நடந்தன. வறுமையும் வெள்ளமும் அந்த மக்களை வாட்டின. பந்து வளையத்தில் விழுந்ததும் இவை மறைந்துவிடவில்லை. ஆனால், வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டு, ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடியதை அந்த நாட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒன்றாக நின்றால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. அது சின்ன விஷயம் இல்லை.

'கூரையே இல்லாமல் சாதித்தார்களே, அப்படியானால் வசதி எதற்கு?' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாடுகளில் நல்ல அரங்கங்களில் கற்றவர்கள்தான் அந்த அணியில் பெரும்பாலோர். உள்ளூரிலேயே இருந்த எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கிடைக்காமல் போயிருக்கும்! திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது; மைதானம் எல்லா ஊரிலும் இல்லை. அதனால்தான் தன் கைக்காசில் அணியை நடத்திய லுவோல் டெங் தன் நாட்டில் மைதானங்கள் அமைக்கவும் பாடுபட்டார்.

அந்த கமான் மலுவாச் என்ன ஆனார் தெரியுமா? பாரிஸ் ஒலிம்பிக்கின்போது அவருக்கு வயது 17. மறு ஆண்டு, 2025-ல், என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது பத்தாவது ஆளாக அவர் பெயர் அழைக்கப்பட்டது. அன்று அவர் கண்ணீர் விட்டார். அவர் போட்டிருந்த கோட்டின் உட்புறத்தில் தெற்கு சூடானின் கொடி இருந்தது.

எகிப்தில் மனுட் போல் சில சிறுவர்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் வளர்ந்து ஓர் அணியைக் கட்டினார். அந்த அணியிலிருந்து இன்னொரு பையன் மேலே வந்தான். ஒருவர் கற்றது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால் நாடே எழுந்து நிற்க உதவும்.

ஆகவே, தம்பி, தங்கைகளே! இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அது பந்து எறிவதோ, சைக்கிள் ஓட்டுவதோ, வகுத்தல் கணக்கோ, தெரியாத ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் எதிலாவது தோற்றால், அழுது முடித்த பிறகு ஸ்கோரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் 32, 11 ஆகியிருக்கட்டும்!

அன்புடன்,
ஆசிரியர்